நாற்றங்காலின் கோபம்: நியூயார்க் யாங்கீஸும் கான்சஸ் சிட்டியின் கசப்பும்

2012 ஜூலை 9 மாலை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில், காஃப்மன் அரங்கில் நடந்துகொண்டிருந்தது ஒரு வேடிக்கைப் போட்டி. பேஸ்பால் உலகில் ஆண்டுதோறும் நட்சத்திர ஆட்டத்துக்கு முந்தைய நாள், பேர்பெற்ற மட்டையாளர்கள் சிலர் இதமாக வீசப்படும் பந்துகளை வேலிக்கு அப்பால் தூக்கி அடித்துக் காட்டுவார்கள். யார் வென்றார், யார் தோற்றார் என்பது எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. அன்று யாங்கீஸ் அணியின் ராபின்சன் கானோ மட்டையோடு நின்றார். பந்து வீசியவர் அவருடைய தந்தை. முந்தைய ஆண்டு இதே தந்தை வீச, இதே மகன் அடித்துப் பட்டம் பெற்றிருந்தார். கான்சஸ் சிட்டியில் ஒரு பந்துகூட வேலியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பந்தும் உள்ளேயே விழ விழ, அரங்கம் திருவிழா போல ஆர்ப்பரித்தது. இடையிடையே ஊளைச் சத்தம். அதற்கும் இடையே 'பில்லி பட்லர்' என்ற பெயர் அலையலையாக எழுந்தது.

பட்லர் உள்ளூர் ராயல்ஸ் அணியின் மட்டையாளர். பேஸ்பாலின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் சார்பில் யார் யார் அடிப்பது என்று தேர்வு செய்யும் பொறுப்பு அந்த ஆண்டு கானோவிடம் இருந்தது. ராயல்ஸ் வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தவர், கடைசியில் வேறு மூவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். தந்தையும் மகனும் தலைகுனிந்து வெளியேறும் அளவுக்கு ஓர் ஊரே சேர்ந்து ஊளையிட இது போதுமா?

போதாது. அந்த மாலையின் ஊளையில் பட்லர் கணக்கு சிறிது; மிச்சமெல்லாம் பழைய பாக்கி. அந்தப் பாக்கி எப்போது, யாரால் உண்டானது, அதை வசூலிக்க வேண்டிய இடம் நியூயார்க்தானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணக்கார அணிகள் மீதான வெறுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதைப் பொறாமை என்று வகைப்படுத்தி மேலே சென்றுவிடுகிறார்கள். யாங்கீஸ் ஆதரவாளர்களுக்கு இது வசதியான விளக்கம்: நாங்கள் வெல்கிறோம், உங்களுக்கு வயிறு எரிகிறது. தமிழில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆய்வுக்கு அவை உதவும். பிறன் ஆக்கம் கண்டு பொறுக்காதது அழுக்காறு. தன் கையில் இருந்தது பறிபோக, தடுக்க வகையின்றி நிற்பது ஆற்றாமை. அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துப் புழுங்குவது முதலாவது. அந்த மாடிக்குப் போன செங்கல் நம் சூளையில் வெந்தது என்று அறிந்து புழுங்குவது இரண்டாவது. பாஸ்டன் ரசிகர்களின் யாங்கீஸ் வெறுப்பே உலகறிந்தது. அதில் அழுக்காற்றின் பங்கு அதிகம் என்பது என் கருத்து. 2002 இறுதியில் கியூப வீரர் ஹொசே கான்ட்ரேராஸை யாங்கீஸ் தட்டிச்சென்றபோது, பாஸ்டன் அணித் தலைவர் லாரி லூக்கினோ அவர்களைத் 'தீய பேரரசு' என்று சாடினார், சொல் நிலைத்துவிட்டது. ஆனால் 2004 இல் யாங்கீஸின் சம்பளப் பட்டியல் சுமார் 18 கோடி டாலர் என்றால், பாஸ்டனுடையது 12 கோடிக்கு மேல், லீக்கிலேயே இரண்டாவது. பெரிய பண்ணையாருக்கும் அதைவிடப் பெரிய பண்ணையாருக்கும் நடந்த வரப்புச் சண்டை அது. கான்சஸ் சிட்டியின் கதை வேறு. அந்த ஊர் வரப்பில் நிற்கவில்லை, நாற்றங்காலாக இருந்தது.

பண்ணை நகரம்

இதை உவமைக்காகச் சொல்லவில்லை. பேஸ்பாலில் பெரிய அணிகள் இளம் வீரர்களைச் சிறு நகரங்களின் துணை அணிகளில் வளர்த்து எடுத்துக்கொள்ளும் முறைக்குப் பண்ணை முறை என்றே பெயர். 1937 இல் கான்சஸ் சிட்டி புளூஸ் அணியை யாங்கீஸ் வாங்கியது. ஊரின் அரங்கம், 22ஆம் தெருவும் புரூக்ளின் அவென்யூவும் கூடும் இடத்தில் 1923 இல் கட்டப்பட்டது. அதுவரை உள்ளூர் பீர் ஆலை முதலாளி மியூலபாக்கின் பெயரைத் தாங்கியிருந்தது. யாங்கீஸ் வந்ததும் அது ரூப்பர்ட் அரங்கம் ஆயிற்று. ஜேக்கப் ரூப்பர்ட் யாங்கீஸின் உரிமையாளர். நியூயார்க் பீர் முதலாளி. உள்ளூர் பீரின் பெயர் போய் வெளியூர் பீரின் பெயர் வந்தது என்று ஒரே வரியில் அந்த உறவைச் சொல்லிவிடலாம்.

அடுத்த 17 ஆண்டுகள் அந்த ஊர் நாற்று வளர்த்தது. ஃபில் ரிசூட்டோ அங்கே ஆடிவிட்டுத்தான் நியூயார்க் போனார். 1951 கோடையில், நியூயார்க்கில் தடுமாறிய 19 வயது மிக்கி மேண்டிலைக் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பினார்கள். அடி திரும்பியதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஒரு வீரன் நன்றாக ஆடத் தொடங்கும் நாளே அவன் ஊரைவிட்டுப் போகும் நாள் என்பதை ரசிகர்கள் பழகிக்கொண்டார்கள். இதைக் கொடுமை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்ல முகாந்திரமும் இல்லை. சிறு நகரம், துணை அணி, வெளிப்படையான ஏற்பாடு. நாற்றங்காலுக்கு நாற்றங்கால் என்று பெயர் இருக்கும்வரை அதில் ஏமாற்று இல்லை.

அதே மைதானத்தில் இன்னோர் அணியும் ஆடியது: கறுப்பினத்தவருக்கான லீக்கின் பெருமைமிக்க கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ். 1945 இல் அங்கே ஆடிய ஜாக்கி ராபின்சனை புரூக்ளின் டாட்ஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி ஒப்பந்தம் செய்தபோது மொனார்க்ஸுக்கு ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. யாங்கீஸின் முதல் கறுப்பின வீரர் எல்ஸ்டன் ஹவர்டும் மொனார்க்ஸிலிருந்து போனவரே. கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குக்கு வெளியே நிறுத்திய நிறவேலி உடைந்தது வரலாற்றின் பெரிய நன்மை; அதற்கான விலையில் ஒரு பகுதியைக் கட்டியவர்கள் இந்த ஊரின் கறுப்பின அணியும் அதன் ரசிகர்களும். யாங்கீஸ் வெறுப்பின் வரலாறுகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

பெயர் மாறியது, வேலை மாறவில்லை

1955 இல் ஊருக்குச் சொந்தமாகப் பெரிய லீக் அணி வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் நொடித்துப்போன அத்லெட்டிக்ஸ் அணியை அர்னால்ட் ஜான்சன் என்ற சிகாகோ தொழிலதிபர் வாங்கிக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 3 லட்சம் பேர் பார்த்த அணியைக் கான்சஸ் சிட்டியில் முதல் ஆண்டே 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். இனி நாமும் நியூயார்க்கும் ஒரே வரிசை என்ற எண்ணம் அந்தக் கூட்டத்தில் இருந்தது.

ஜான்சன் யார் என்பதைக் கூட்டம் பிறகுதான் கவனித்தது. 1953 இல் யாங்கீஸின் உரிமையாளர்கள் டான் டாப்பிங், டெல் வெப் இருவரிடமிருந்தும் யாங்கீ ஸ்டேடியத்தையும் கான்சஸ் சிட்டி அரங்கத்தையும் சேர்த்து வாங்கியவர் அவர்தான். அதாவது, யாங்கீஸுக்கு எதிராக ஆடும் அணியின் முதலாளி, யாங்கீஸ் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். லீக் வற்புறுத்திய பிறகு ஸ்டேடியத்தை விற்றார். கான்சஸ் சிட்டி அரங்கை இரண்டடுக்காக எழுப்பும் ஒப்பந்தம் யாருக்குப் போனது? வெப்பின் கட்டுமான நிறுவனத்துக்கு.

பிறகு வீரர் பரிமாற்றங்கள் தொடங்கின. ஜான்சன் காலத்து ஐந்தாண்டுகளில் இரு அணிகளுக்குமிடையே பத்துக்கும் மேற்பட்ட பேரங்கள் நடந்தன. எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை. மூன்று பேர் போதும்.

முதலாவது கிளீட் போயர். பெரும் முன்பணம் கொடுத்து எடுக்கப்படும் இளைஞரை இரண்டு ஆண்டுகள் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும், கீழே அனுப்பக் கூடாது என்பது அக்கால விதி. பணக்கார அணிகள் எல்லா இளைஞர்களையும் வாங்கிக் குவிப்பதைத் தடுக்க வந்த விதி அது. 1955 இல் போயரைக் கான்சஸ் சிட்டி ஒப்பந்தம் செய்தது. இரண்டு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கெடு முடிந்த 1957 இலேயே யாங்கீஸிடம் போய்ச் சேர்ந்தார். விதியின் சுமையை ஓர் ஊர் சுமந்தது; விளைச்சலை இன்னோர் ஊர் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, பந்து வீச்சாளர் ரால்ஃப் டெர்ரி. 1957 இல் 21 வயதில் யாங்கீஸ் அவரைக் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பியது. தோற்கும் அணியில் தொடர்ந்து வீசி வீசிக் கை பழகியது. 1959 இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1962 வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை 1-0 என்று முடித்து, அந்தத் தொடரின் சிறந்த வீரர் ஆனார் டெர்ரி.

மூன்றாவது பெயரைப் பேஸ்பால் அறியாதவரும் கேட்டிருக்கக்கூடும்: ராஜர் மாரிஸ். 1959 டிசம்பரில் கைமாறினார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் லீக்கின் மதிப்புமிகு வீரர். 1961 இல் 61 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்து, 1927 இல் பேப் ரூத் வைத்த 60 என்ற எல்லையைத் தாண்டினார். அந்த ஆண்டும் கான்சஸ் சிட்டி அட்டவணையின் அடியில் கிடந்தது.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மாரிஸுக்குப் பதிலாக வந்தவர்களில் நார்ம் சீபர்ன் மட்டமான ஆட்டக்காரர் அல்லர். 1962 இல் கான்சஸ் சிட்டிக்காக 25 ஹோம் ரன் அடித்தார், மட்டைச் சராசரியும் .300க்கு மேல். யாங்கீஸிடமிருந்து வந்தவர்கள் இல்லையென்றால் அந்த அணி இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறார்கள். ஊர் நினைவு மாரிஸை வைத்துக்கொண்டு சீபர்னை மறந்தது. ஆற்றாமை கணக்கு எழுதும்போது வரவுப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஆனாலும் செலவுப் பக்கம் பொய்யல்ல. 1949 முதல் 1964 வரை 16 ஆண்டுகளில் 14 முறை அமெரிக்கன் லீக் பட்டம் யாங்கீஸுக்கு. கான்சஸ் சிட்டியில் இருந்த 13 ஆண்டுகளில் அத்லெட்டிக்ஸ் ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் காணவில்லை.

நாற்றங்கால் என்ற பெயரை எடுத்துவிட்டு வயல் என்று பலகை மாட்டினார்கள்; உள்ளே நடந்தது பழைய வேலை. கசப்பு பிறந்த இடம் இதுதான். 1937க்கும் 1954க்கும் இடையே வராத கோபம் 1955க்குப் பிறகு வந்ததற்குக் காரணம் நியூயார்க்கின் பணம் கூடியது அன்று; சமம் என்று சொல்லி டிக்கெட் விற்றார்கள் என்பதே.

எரிந்த பேருந்து

1960 இல் ஜான்சன் இறந்தார். ஆண்டு இறுதியில் அணியை வாங்கிய சார்லஸ் ஃபின்லி, காப்பீட்டுத் தொழிலில் சம்பாதித்தவர், விளம்பரக் கலையில் வித்தகர். ஒரு பழைய பேருந்தை வாங்கி, அதன் முகத்தை நியூயார்க் திசை நோக்கி நிறுத்தி, தீ வைத்துக் கொளுத்தினார். கான்சஸ் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு வீரர்களை ஏற்றிச்செல்லும் வண்டி இனி இல்லை என்பது பொருள். ஊர் கைதட்டியது. 1961 ஜூனில் பந்து வீச்சாளர் பட் டேலியை அவருடைய நிர்வாகம் யாங்கீஸுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டத்தில் யாங்கீஸுக்கு வெற்றி தேடித் தந்த பந்து வீச்சாளர் இந்த டேலிதான். பேருந்து எரிந்தால் என்ன, ரயில் இருக்கிறதே.

ஃபின்லியின் இன்னொரு கூத்து ஆய்வாளருக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். யாங்கீ ஸ்டேடியத்தில் வலப்புற வேலி 296 அடியில் இருந்தது. இடக்கை மட்டையாளர்களுக்கு அது பெரிய வசதி. யாங்கீஸின் வெற்றி ரகசியமே இதுதான் என்று ஃபின்லி முடிவுகட்டினார். புதிதாக அமைக்கும் வேலி 325 அடிக்குக் குறையக் கூடாது என்று 1958 இலேயே விதி வந்திருந்தது. பழைய அரங்குகளுக்கு விலக்கு. 1960களின் நடுவில் ஃபின்லி தன் அரங்கின் வேலியையும் ஓரிடத்தில் 296 அடிக்கு இழுத்துக்கட்டினார். லீக் கழற்றச் சொன்னது, கழற்றினார். யாங்கீ ஸ்டேடியமாக இருந்தால் ஹோம் ரன் ஆகியிருக்கும் என்று தோன்றும் ஒவ்வொரு அடிக்கும் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார் என்றும், எதிரணிக்கே அப்படிப்பட்ட அடிகள் அதிகம் விழுந்ததால் அதையும் நிறுத்தினார் என்றும் ஒரு கதை உண்டு.

சிரிப்புக்கிடமான இந்தக் கதைக்குள் கூர்மையான ஒரு புகார் ஒளிந்திருக்கிறது: பழையவனுக்கு ஒரு விதி, புதியவனுக்கு ஒரு விதி. 296 அடியைவிடப் பெரிய பழைய சலுகைகள் நியூயார்க்குக்கு இருந்தன. 1922 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதன் நிழலில் ஒவ்வொரு அணியும் தன் நகரத்தை ஜமீன்போல வைத்துக்கொண்டது. நியூயார்க் சந்தைக்குள் இன்னொரு அணி எளிதில் நுழைய முடியாது. அந்தச் சந்தையின் ஒளிபரப்பு வருமானம் அங்கேயே தங்கும். அமெரிக்கக் கால்பந்து லீக் தேசியத் தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிக்கும் சமமாகப் பங்கிட்டபோது, பேஸ்பால் உள்ளூர் ஒளிபரப்புப் பணத்தை அவரவர் மடியிலேயே விட்டது. கான்சஸ் சிட்டியின் வறுமை இயற்கை அன்று, எழுதி வைக்கப்பட்டது. அதை எழுதியது யாங்கீஸ் மட்டுமா? எல்லா அணி முதலாளிகளும் கூடி எழுதியது, கான்சஸ் சிட்டி முதலாளியும் உட்பட.

ஃபின்லிக்கு நாற்று வளர்க்கத் தெரியும்; இதை மறுக்க முடியாது. 1965 இல் முதன்முதலாக நடந்த இளம் வீரர் தேர்வில் முதல் பெயரை அழைத்தது கான்சஸ் சிட்டிதான். கேட்ஃபிஷ் ஹன்டர், ரெஜி ஜாக்சன், ரோலி ஃபிங்கர்ஸ், சால் பான்டோ என்று ஒரு தலைமுறையே அவர் பண்ணையில் முளைத்தது. விளைச்சலுக்கு முன்பே, 1967 பருவம் முடிந்ததும், அணியை ஓக்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். 1972, 1973, 1974 என மூன்று ஆண்டு தொடர்ந்து அங்கே வேர்ல்ட் சீரிஸ் வென்றார். கான்சஸ் சிட்டியின் மொத்த நாற்றையும் ஒரே நாளில் பிடுங்கிச் சென்றவர் யாங்கீஸ்காரர் அல்லர், பேருந்தைக் கொளுத்தியவர்.

கூலியும் கசப்பும்

மிசௌரியின் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன், பேஸ்பாலுக்கு இருந்த ஏகபோகத் தடைச் சட்ட விலக்கில் கைவைப்போம் என்று மிரட்டியதால் 1969 இல் ராயல்ஸ் என்ற புதிய அணி கிடைத்தது. அது விரைவில் நன்றாக ஆடத் தொடங்கியது. 1976, 1977, 1978 மூன்று ஆண்டும் லீக் பட்டப் போட்டியில் யாங்கீஸோடு மோதித் தோற்றது. 1976 இன் கடைசி ஆட்டத்தில் ஒன்பதாம் சுற்றின் முதல் பந்திலேயே யாங்கீஸின் கிறிஸ் சாம்ப்ளிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். 1980 இல்தான் ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட் அதே யாங்கீ ஸ்டேடியத்தில் பழி தீர்த்தார்.

ராயல்ஸைத் தோற்கடித்த யாங்கீஸில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1976 தொடரின் முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியிலேயே வந்து முழு ஆட்டமும் வீசி வென்றவர் ஹன்டர். அடுத்த இரண்டு ஆண்டும் ஜாக்சன். இருவரும் அந்த ஊரின் பழைய அணியில் பெரிய லீக் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். நாற்று மறுபடியும் நியூயார்க் வயலில்.

ஆனால் இந்த முறை போன வழி வேறு. மாரிஸை விற்றது முதலாளி. மாரிஸிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்த விதி வீரரை ஆயுளுக்கும் அணியோடு கட்டிப்போட்டிருந்தது. ஹன்டர் போனது, ஃபின்லி ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய காப்பீட்டுப் பணத்தைக் கட்டாததால். ஒப்பந்தத் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் 1974 இல் ஹன்டரை விடுவித்தார். யாங்கீஸ் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதே சைட்ஸின் தீர்ப்பு ஆயுள் கட்டையே உடைத்தது. ஜாக்சன் தன் விலையைத் தானே பேசி 1976 இறுதியில் நியூயார்க் போனார்.

ரசிகர்களின் கசப்பு இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாவது, ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்கு ஆளை விற்றது. இரண்டாவது, உழைப்பவன் தன் கூலியைத் தானே நிர்ணயித்தது. இரண்டுக்கும் ஒரே ஊளை என்றால், ஆற்றாமை அழுக்காறாகச் சரிந்துவிட்டது என்றுதான் பொருள்.

1999 ஏப்ரல் இறுதியில் அந்த ஊளை ஒரு கோரிக்கையாக உருப்பெற்றது. யாங்கீஸ் ஆட வந்தபோது, செல்வத்தைப் பகிருங்கள் என்ற வாசகம் எழுதிய பனியன் அணிந்து வந்த ரசிகர்கள், ஆட்டத்தின் நடுவே எழுந்து கூட்டமாக வெளியேறினார்கள். வெறுப்பை வருமானப் பங்கீடு பற்றிய கேள்வியாக மாற்றிய அந்த மாலை, எரிந்த பேருந்தைவிட அரசியல் தெளிவுள்ளது. லீக்கில் வருமானப் பகிர்வு அப்போதே தொடங்கியிருந்தது. 2003 முதல் அதிகச் சம்பளப் பட்டியலுக்குப் புதிய வரி முறை வந்தது. 2003 முதல் 2017 வரை ஓர் ஆண்டு விடாமல் அந்த வரியைக் கட்டியது யாங்கீஸ்.

பகிர்ந்த பணம் எங்கே போனது என்ற கேள்வியை மட்டும் அரங்கம் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. வால்மார்ட்டின் முன்னாள் தலைமை நிர்வாகி டேவிட் கிளாஸ் 2000 இல் ராயல்ஸை 9 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2019 இல் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு விற்றார். அவர் காலத்தில் 2015 இன் வேர்ல்ட் சீரிஸ் வெற்றி உண்டு. அதற்கு முன்பு நெடுங்காலத் தோல்வியும் உண்டு. ஜானி டேமன், ஜெர்மைன் டை, கார்லோஸ் பெல்ட்ரான் ஆகியோர் உச்சத்தில் இருந்தபோது வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். டேமன் ஓக்லாந்து, பாஸ்டன் வழியாகச் சுற்றி 2006 இல் யாங்கீஸுக்கே வந்து சேர்ந்தார். வீரர்கள் போகப் போக, அணியின் விலை மட்டும் பத்து மடங்கு ஏறியது. நியூயார்க்கை நோக்கிய ஒவ்வொரு ஊளையும் உள்ளூர் முதலாளிக்குக் கிடைத்த அவகாசம்.

எனவே என் முடிபு இது: கான்சஸ் சிட்டியின் கசப்பு பொறாமை அன்று, ஏமாற்றத்தின் நினைவு. அந்த நினைவு உண்மையானது. அது போய்ச் சேரும் முகவரிதான் தவறு. நாற்றைப் பறித்தவனை ஊர் மறக்கவில்லை. பறித்துக்கொள்ள விற்றவனை மறந்துவிட்டது.

ராபின்சன் கானோ 2013 இறுதியில் யாங்கீஸை விட்டு, அதைவிட அதிகம் கொடுத்த சியாட்டில் அணிக்குப் போனார். பில்லி பட்லர் 2014க்குப் பிறகு ராயல்ஸை விட்டு ஓக்லாந்து போனார். 2016 செப்டம்பரில் ஓக்லாந்து அவரை விடுவித்தது. பெரிய லீக்கில் அவர் கடைசியாக ஆடிய சில ஆட்டங்கள் யாங்கீஸ் சீருடையில்.